இரைச்சல் என்று எறியப்படுவது

மொழியியல் ஆய்வேடுகளில் அண்மைக் காலமாக ஒரு வாக்கியம் கூச்சமின்றி இடம்பெற்று வருகிறது: “பதிவுகள் அனைத்தும் சுத்தம் செய்யப்பட்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன.” தரவு சேகரிப்பு முறை என்ற தலைப்பின்கீழ், தகவலாளர்களின் வயதுக்கும் பாலுக்கும் இடையில் எங்கோ அது ஒதுங்கி அமர்ந்திருக்கும். எந்த மென்பொருளால் சுத்தம் செய்யப்பட்டது, எந்தக் கட்டளை எந்த வரிசையில் கொடுக்கப்பட்டது, எத்தனை டெசிபெல் குறைக்கப்பட்டது, மூலக்கோப்பு இன்னும் இருக்கிறதா என்பவற்றை எழுதுவோரும் சொல்வதில்லை, வாய்மொழித் தேர்வில் கேட்போரும் இல்லை. வேதியியல் துறையில் ஒருவர் “மாதிரிப் பொருள் கழுவப்பட்டது” என்று மட்டும் எழுதிவிட்டு எதனால் கழுவினார் என்று சொல்லாமல் பட்டம் பெற்றுவிட முடியாது. மொழியியலில் முடிகிறது.

இது எப்படி நடக்கிறது என்பது அந்தத் துறைகளில் ஓராண்டேனும் இருந்தவர் அனைவருக்கும் தெரியும். மாணவர் ஒருவர் நாற்பது நாள் களத்தில் இருந்துவிட்டு முப்பது மணி நேரப் பதிவோடு விடுதிக்குத் திரும்புகிறார். கேட்டுப் பார்த்தால் பின்னணியில் மின்விசிறி, மழை, அடுப்பு, கோழி. நெறியாளர் அதைக் கேட்டு முகம் சுளிக்கிறார். “இதைக் கொஞ்சம் சரிசெய்து கொண்டுவாருங்கள்” என்கிறார். எப்படிச் சரிசெய்வது என்பது அவருக்கும் தெரியாது. அன்றிரவே ஆடாசிட்டி தரவிறக்கப்படுகிறது. தொடக்கநிலையாளர்களுக்கான காணொளி ஒன்று தேடி எடுக்கப்படுகிறது. அது பாட்காஸ்ட் நடத்தும் யாரோ ஒருவர் தம்மைப் போன்ற பிறருக்காகச் செய்தது. தம் குரல் வானொலி அறிவிப்பாளர் குரல்போல் ஒலிக்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம், அதில் தவறு ஏதுமில்லை. ஆனால் அதே பன்னிரண்டு நிமிடப் பாடத்தை, இன்னும் இருபதாண்டுகளில் பேசுவோரை இழந்துவிடக்கூடிய ஒரு மொழியின் பதிவுமீது வரிக்கு வரி பின்பற்றும்போதுதான் கேடு தொடங்குகிறது.

மென்பொருளைக் குறை சொல்லுவது எளிது. அது முறையும் அன்று. ஆடாசிட்டி, கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டாமினிக் மசோனி என்ற மாணவரும் ரோஜர் டானன்பர்க் என்ற பேராசிரியரும் 1999இல் தொடங்கி, 2000 மே மாதத்தில் பொதுவெளிக்கு விட்ட கருவி. கட்டற்ற உரிமத்தில் வருவது. அதைப் பெறுவதற்குக் கொள்முதல் குழு கூடவேண்டியதில்லை, மூன்று விலைப்புள்ளிகள் கோரவேண்டியதில்லை, நிதி அலுவலரின் கையொப்பத்திற்காக மார்ச் மாதம்வரை காத்திருக்கவேண்டியதில்லை. பத்தாண்டு பழைய மடிக்கணினியிலும் ஓடும். 2021இல் அது மியூஸ் குழுமத்தின் கைக்குப் போனபோது பயனர் தகவல் சேகரிப்பு பற்றிச் சலசலப்பு எழுந்தது உண்மை. அந்தத் திட்டம் பெரிதும் திருத்தப்பட்டதும் உண்மை. அம்ஸ்டர்டம் பல்கலைக்கழகத்தின் பால் பூர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட், நைமேகன் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஈலான் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால், ஒலிப்பதிவைத் திருத்தவும் அளக்கவும் எழுத்தோடு இணைக்கவும் ஒரு ரூபாய்கூடச் செலவாகாது. ஆகவே, பற்றாக்குறையின்மீது இந்தப் பழியைப் போட முடியாது.

இரைச்சல் நீக்கம் என்ற கட்டளை உள்ளே என்ன செய்கிறது என்பதைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். பேச்சில்லாத ஓரிரு நொடிகளைப் பயனர் தெரிவு செய்து, இதுதான் இரைச்சல் என்று மென்பொருளுக்குக் காட்டுகிறார். அந்தத் துண்டில் ஒவ்வோர் அலைவெண் பட்டையிலும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று அது அளந்து வைத்துக்கொள்கிறது. பிறகு பதிவு முழுவதையும் கடந்து சென்று, எந்தப் பட்டையில் ஆற்றல் அந்த அளவைத் தெளிவாக மீறவில்லையோ அங்கெல்லாம் ஒலியைத் தாழ்த்துகிறது. அவ்வளவுதான். அதற்கு மொழி தெரியாது. உரத்த உயிரொலிகள் தப்பிப் பிழைக்கும், ஏனெனில் அவற்றின் ஆற்றல் சில பட்டைகளில் குவிந்து நிற்பது. மெலிந்தவை, மூச்சாக வருபவை, குரல்நாண் அதிராதவை, அகன்ற அலைவெண் பரப்பில் சிதறிக் கிடப்பவை மின்விசிறியின் காற்றோடு சேர்ந்து வெளியேறும். மூச்சும் காற்றுதானே.

அப்படி வெளியேறக்கூடிய ஒலிகள் எந்த மொழிகளில் உள்ளன என்று பார்க்கவேண்டும். மிசோ மொழியில் ஒலிப்பிலா மூக்கொலிகள் உண்டு. ஒலிப்பிலா மருங்கொலியும் ரகரமும் உண்டு. ரோமன் நெடுங்கணக்கில் எழுதும்போது முன்னால் ஓர் எச் எழுத்தை இட்டுக் காட்டுவார்கள். ம என்பதற்கும் மூச்சோடு மட்டும் மூக்கில் வரும் ம என்பதற்கும் பொருள் வேறு. நாகாலாந்தின் அங்காமியில் இவ்வகை மூக்கொலி இன்னும் நுட்பமானது: உயிரொலி தொடங்குவதற்குச் சற்று முன்பே வாயடைப்பு விடுபட்டு, வாய்வழியாகவும் மூச்சு வெளியேறிவிடுகிறது. பெரி பாஸ்கரராவும் பீட்டர் லடஃபோகெடும் 1991இல் வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்று, பர்மிய மொழியின் ஒலிப்பிலா மூக்கொலியும் அங்காமியினுடையதும் இருவேறு வகை என்பதைக் காற்றோட்ட அளவீடுகளால் நிறுவியது. உலக ஒலியியல் நூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் அந்த வேறுபாடு முழுக்க முழுக்க ஒரு சிறு மூச்சில் தங்கியிருக்கிறது. சுத்தம் செய்யப்பட்ட பதிவை வைத்து இளம் ஆய்வாளர் ஒருவர், “இளந்தலைமுறையிடம் இவ்வொலி மறைந்து வருகிறது” என்று முடிவுகட்டினால் அதை எவர் மறுப்பது? மறைந்தது எங்கே, மக்கள் நாவிலா, மடிக்கணினியிலா?

குஜராத்தியில் பன்னிரண்டு என்ற எண்ணையும் வெளியே என்ற சொல்லையும் பிரித்துக் காட்டுவது உயிரொலியில் கலந்துவரும் மூச்சுக்குரல் மட்டுமே. இரண்டும் பார் என்றுதான் காதில் விழும், ஒன்றில் மூச்சு கலந்திருக்கும். சந்தாலியிலும் அதன் உறவு மொழிகளிலும் சொல்லிறுதியில் வரும் அடைப்பொலிகள் தொண்டையில் இறுக்கி நிறுத்தப்படுபவை. அவற்றின் விடுப்பு, வருவதுண்டானால், மிக மெலிந்தே வரும். நீலகிரியின் தோடர் மொழியில் ஆடொலிகளும் வருடொலிகளுமாக ரகர இனத்தில் மூன்று இடங்கள், ஒவ்வொன்றுக்கும் அண்ணச் சாயல் ஏறிய இணை ஒன்று, ஆக ஆறு. அதற்குமேல் நான்குவகைச் சகர ஒலிகள், ஒலிப்பிலா மருங்கொலிகள். 1935க்கும் 1938க்கும் இடையில் எமனோ இவற்றைக் காதால் கேட்டுக் கையால் எழுதினார். அவர் குறிப்பேட்டில் பிடித்தவற்றை, தொண்ணூறு ஆண்டு கழித்து, விலையுயர்ந்த ஒலிவாங்கியோடு செல்பவர் ஒரு பொத்தானை அழுத்தி இழக்கிறார் என்றால் அது முன்னேற்றம் அன்று.

தமிழ் கற்றவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக்கூடாது. கண்ணிமைப்பையும் கைநொடியையும் அளவுகோலாகக் கொண்டு ஒலிக்கு மாத்திரை வகுத்த இலக்கண மரபு இது. மகரக்குறுக்கத்துக்குக் கால் மாத்திரை என்று கணக்கு வைத்த மரபு. குற்றியலுகரம் எங்கே குறுகும், எங்கே குறுகாது என்று நூற்பாக்களை அடுக்கிய மரபு. அந்த ஆசிரியர்களின் கையில் அலைவடிவமும் இல்லை, ஸ்பெக்ட்ரோகிராமும் இல்லை. மெலிந்த ஒலியும் ஒலிதான் என்ற அறிவு இருந்தது. அவர்களை மேற்கோள் காட்டி ஒலியியல் கட்டுரை தொடங்குவோர், அதே கட்டுரையின் தரவில் கால் மாத்திரைக்குரிய இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வருகிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கேட்டைக் கண்டுபிடிக்கும் வழியையும் அதே மென்பொருள் அதே பெட்டியில் வைத்திருக்கிறது. இரைச்சல் நீக்கச் சாளரத்தின் அடியில் ரெசிட்யூ என்றொரு தெரிவு உண்டு. எச்சம் என்று தமிழில் சொல்லலாம். அதைத் தெரிவு செய்தால், மீதமாகும் பேச்சை விட்டுவிட்டு, எறியப்படப் போகும் ஒலியை மட்டும் மென்பொருள் காட்டும். ஒருமுறை கேட்டால் போதும். அங்கே வெறும் மின்விசிறி மட்டும் கேட்டால் பெரும் இழப்பு இல்லை. சகர ஒலிகளின் சீறலும் சொல்லிறுதியின் மூச்சும் கிசுகிசுப்பாய் ஒரு மனிதக் குரலும் அதற்குள் கேட்டால், அந்த முப்பது மணி நேர உழைப்பில் எது குப்பைக்குப் போகிறது என்று உடனே தெரிந்துவிடும். பாட்காஸ்ட் காணொளிகள் பல இந்தப் பொத்தானைக் கடந்து போய்விடுகின்றன. துறைகளோ அந்தச் சாளரத்தையே பார்த்ததில்லை.

இரைச்சல் நீக்கத்தோடு கேடு முடிவதுமில்லை. மௌனத்தைச் சுருக்கும் ட்ரங்கேட் சைலன்ஸ் என்ற கட்டளையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறிப்பிட்ட உரப்புக்குக் கீழே இருப்பதெல்லாம் மௌனம் என்று கருவிக்குச் சொல்லப்படுகிறது. அது நீளமாக இருந்தால் வெட்டிக் குறுக்கிவிடும். ஒலிவாங்கியிலிருந்து நகர்ந்து உட்கார்ந்த முதியவளின் தணிந்த குரலும் அந்தக் கணக்கில் மௌனமே. குரல் தப்பினாலும், உண்மையான மௌனம் தப்பாது. கதைசொல்லி ஒருத்தி கணவனின் சாவைச் சொல்லுமுன் நான்கு நொடி நிறுத்துகிறாள். கேள்விக்கு விடை சொல்ல விரும்பாதவர் இரண்டு நொடி பேசாதிருக்கிறார். உரையாடல் ஆய்வில் இவை தரவு. கோப்பு சிறியதாகவேண்டும் என்பதற்காக இவை அரை நொடியாக்கப்படுகின்றன. எவ்வளவு இடம் மிச்சம்? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் என்ற செம்மையான அளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ அரை ஜிகாபைட். நாற்பது நாள் களப்பணி முழுவதும் பதினைந்து ஜிகாபைட்டுக்குச் சற்று மேல். கைச்சாவிக் கொத்தில் தொங்கும் பென் டிரைவில் அடங்குவதற்காக எவருடைய மௌனத்தையும் வெட்டவேண்டியதில்லை.

மின்சார முனகல் கதை இதைவிட வேடிக்கையானது. காணொளி செய்தவர் அமெரிக்கர். அங்கே மின்னோட்டம் 60 ஹெர்ட்ஸ். இங்கே 50. காணொளியில் சொன்னபடி 60இல் வடிகட்டியை வைத்துவிட்டு, முனகல் போகவில்லையே என்று பட்டையை அகலமாக்கி, அதுவும் போதாமல் 120க்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஆண்குரலின் அடிப்படை அலைவெண் பெரும்பாலும் அந்த எல்லையைச் சுற்றியே இருக்கும். மூச்சுக்குரலை அளப்பதற்கு ஒலியியலாளர் நம்பியிருப்பது முதல் ஹார்மோனிக்குக்கும் இரண்டாவதுக்கும் இடையிலான உரப்பு வேறுபாட்டை. முதலாவதைத் தாழ்த்திவிட்ட பதிவில் அந்த வேறுபாடு என்ன எண்ணைக் காட்டினாலும் அது பேசியவரின் தொண்டையைப் பற்றிய எண் அன்று, வடிகட்டியைப் பற்றிய எண். பிராட் தசமப் புள்ளிக்குப் பின் பல இலக்கங்களோடு அதைக் காட்டும். அட்டவணையில் அழகாகத்தான் இருக்கும்.

எல்லாத் திருத்தமும் ஒரே வகையானதன்று என்பதைத்தான் தொடக்கநிலையாளருக்கு முதலில் சொல்லவேண்டும், எவரும் சொல்வதில்லை. பதிவு முழுவதையும் ஒரே விகிதத்தில் உரக்கச் செய்வது உள்ளுறவுகளைக் குலைப்பதில்லை, கணக்கில் ஒரு பெருக்கல் மட்டுமே. கம்ப்ரெசர் அப்படியன்று: உரத்ததைத் தாழ்த்தி மெலிந்ததை உயர்த்துகிறது, ஆகவே அழுத்தமும் ஏற்ற இறக்கமும் ஆய்வுப்பொருளாக இருக்கும் இடத்தில் அது பொய் சொல்லும். பதிவின்போதே எல்லை மீறித் தலை வெட்டுண்ட அலையை எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது, மீட்டதுபோல் காட்டலாம். எம்பி3 ஆகச் சுருக்கியதை மீண்டும் வேவ் ஆக்கினால் கோப்பு பெருக்குமேயன்றி இழந்தது திரும்பாது. வாட்ஸாப்பில் வந்த குரல்பதிவை வேவ் என்று பெயர் மாற்றி ஆவணக்காப்பகத்துக்கு அனுப்புவது பித்தளையில் பொன்முலாம் பூசுவதற்குச் சமம்.

இன்னும் எளிய இடங்களில்தான் பெரிய இழப்புகள் நேர்கின்றன. சேவ் என்பது திட்டக்கோப்பைத்தான் சேமிக்கும், ஒலிக்கோப்பை அன்று. ஒலிக்கோப்பு வேண்டுமானால் எக்ஸ்போர்ட் செய்யவேண்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக்கோப்பின் பெயரையே கொடுத்துவிட்டால், மேலெழுதவா என்று மென்பொருள் ஒருமுறை கேட்கும்; நள்ளிரவு இரண்டு மணிக்கு ஆம் என்றே விரல் அழுத்தும். 2021இல் மூன்றாம் பதிப்பு வருவதற்கு முன்பு, திட்டக்கோப்பு ஒருபுறமும் ஒலித்துணுக்குகள் நிறைந்த கோப்புறை மறுபுறமுமாக இருந்தன. கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு கோப்புறையைக் கணினி மையத்திலேயே விட்டுவிட்டு வந்தவர்கள் பலர். சில நாளில் அந்தக் கணினி துடைக்கப்பட்டிருக்கும். அந்தப் பதிவுகளில் பேசியவர்கள் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

இவ்வளவும் சொல்வதால், பதிவைத் தொடவே கூடாது என்பது வாதமன்று. தொட்டே ஆகவேண்டிய இடங்கள் உண்டு, அவற்றையும் துறைகள் கற்பிப்பதில்லை. களத்தில் மனிதர்கள் பேசிக்கொண்டே போவார்கள். சொல்பட்டியல் கேட்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் கடன், மகளின் மணமுறிவு, ஊர்த்தலைவர் செய்த ஊழல் எல்லாம் ஒலிவாங்கிக்குள் வந்து விழும். அதை அப்படியே பொதுவெளியில் வைப்பது நம்பிக்கைத் துரோகம். அந்தப் பெயர்களை நீக்கியாகவேண்டும். ஆனால் நீக்குவதிலும் முறை உண்டு. டெலீட் செய்தால் பின்னாலுள்ள பதிவு முழுவதும் முன்னே நகர்ந்துவிடும். ஈலானில் மாதக்கணக்கில் நேரத்தோடு பொருத்தி எழுதிய பெயர்ப்புகள் அத்தனையும் இடம் பிசகும். அதே துண்டைத் தெரிந்து மௌனமாக்கும் கட்டளை, ஒலியை எடுத்துவிட்டு நேரத்தை அப்படியே வைத்திருக்கும். இரண்டு கட்டளைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காததால் ஓராண்டு உழைப்பை இழந்தவர்களும் உண்டு, பெயர்களை நீக்காமலே பதிவேற்றிவிட்டவர்களும் உண்டு. இரண்டாவது கூட்டத்தாரால் நேர்ந்தது இழப்பு மட்டுமன்று.

பெயர்த்தெழுதும் உதவியாளருக்குத் தெளிவாகக் கேட்கவேண்டும் என்பதற்காக ஒரு பிரதியில் இரைச்சலைக் குறைத்துக்கொள்வதும் குற்றமன்று. ஊராருக்குத் திருப்பிக் கொடுக்கும் பாட்டுத் தொகுப்பில் முனகலை நீக்கித் தருவது மரியாதையும்கூட. பிரதி என்பதுதான் இங்கே முக்கியமான சொல். உ. வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பொருந்தாத பாடங்களைக் கண்டார். தமக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்தார். மற்றவற்றைப் பிரதிபேதமாகக் காட்டினார். ஏட்டைச் சுரண்டித் திருத்தவில்லை. ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்டவர்களைப் பற்றி வகுப்பறையில் வருந்திப் பேசும் தமிழ் உலகம், தன் பதிப்பாசிரியர்களிடம் எதிர்பார்க்கும் நேர்மையைத் தன் ஒலிப்பதிவாளர்களிடம் எதிர்பார்க்கவில்லை. மூலம் ஒரு கோப்புறை, திருத்தியது வேறொரு கோப்புறை, என்ன செய்யப்பட்டது என்று நான்கு வரி எழுதிய ஓர் உரைக்கோப்பு. பதிப்புநெறி என்று மாதக்கணக்கில் பாடம் நடத்துவோர் இதைப் புரிந்துகொள்ள மாட்டார்களா?

புரியும். செய்ய மனம் வருவதில்லை. ஒலிப்பதிவும் திருத்தமும் கைவேலை என்று எண்ணப்படுகின்றன. கோட்பாடு தலைவேலை. கைவேலையை ஆய்வகப் பணியாளரோ, திட்ட உதவியாளரோ, நண்பரின் ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் தம்பியோ செய்துவிடுவார். அவர் பெயர் நன்றியுரையில்கூட வருவதில்லை. இந்நாட்டில் கையால் செய்யும் வேலைக்கு என்ன மதிப்பு, ஏன் அந்த மதிப்பு என்பதைப் பற்றிச் சமூகமொழியியல் தாளில் பக்கம் பக்கமாக எழுதுவோர் தம் துறையின் நடைமுறையில் அதே வரிசையைப் பேணுகிறார்கள். நல்ல ஒலிப்பதிவுக் கருவி துறையில் இருக்கும். ஆனால் அலமாரியில் இருக்கும். சாவி ஒருவரிடம், பதிவேடு இன்னொருவரிடம், இருவரும் ஒரே நாளில் வருவது அரிது. மாணவர் கைப்பேசியோடு களத்துக்குப் போகிறார். கைப்பேசிச் செயலியோ கேட்காமலே இரைச்சலைத் தாழ்த்தி, உரப்பைச் சமன்செய்து தருகிறது. அதை அணைக்கும் இடம் எங்கே என்று சொல்வாரில்லை. 2020இல் களப்பணி ஜூமுக்கு மாறியபோது, அந்தச் செயலி பின்னணி ஒலியைத் தானாகவே அடக்கும், மூல ஒலியைக் கேட்டுப் பெறத் தனித் தெரிவு உண்டு என்பதை எத்தனை நெறியாளர்கள் மாணவர்களுக்குச் சொன்னார்கள்?

முனைவர் பட்ட முன்பாடமாக ஆய்வு, வெளியீட்டு நெறிகள் என்ற இரண்டு கிரெடிட் தாளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019 இறுதியில் கட்டாயமாக்கியது. முப்பது மணி நேரம். புனைவு, திரிப்பு, திருட்டு ஆகிய மூன்று குற்றங்கள் அதில் வகுத்து உரைக்கப்படுகின்றன. நடைமுறையில் திருட்டுக்கு மட்டும் முழு மரியாதை. ஒற்றுமை விழுக்காட்டைக் காட்டும் மென்பொருளின் அறிக்கையோடு நெறி முடிந்துவிடுகிறது. திரிப்பு என்பதற்குத் தரவை நீக்கியோ மாற்றியோ அதைச் சொல்லாமல் விடுவது என்றுதான் பொருள். “சுத்தம் செய்யப்பட்டன” என்ற ஒற்றை வாக்கியம் அந்த வரையறைக்குள் வருமா, வராதா? அறியாமல் செய்ததால் மாணவர்மீது பழி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அறியச் செய்யவேண்டிய பொறுப்பில் இருந்தவர்களுக்கு அந்தச் சலுகை பொருந்தாது.

எதிர்வாதங்கள் சில உண்டு. உயர்ந்த தரத்தில் சுருக்கிய எம்பி3 கோப்பிலும் உயிரொலிகளின் ஃபார்மன்ட் அளவுகள் பெரிதும் மாறுவதில்லையே என்பார்கள். சரிதான், உயிரொலி மட்டும் ஆராய்வோர் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பதிவு அந்த ஒருவருடைய ஆய்வுக்கு மட்டும் உரியதன்று. இன்று உயிரொலிக்காக எடுத்த பதிவை நாளை வேறொருவர் உரசொலிக்காகத் திறப்பார். மொழி பேசுவோர் இல்லாமற் போனபின் அவருக்கு வேறு வழி இருக்காது. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, ஒரே சொடுக்கில் ஸ்டுடியோத் தரம் தருகிறதே என்பது இரண்டாவது வாதம். இது முன்னதைவிடக் கேடானது. பழைய வடிகட்டி இருப்பதை எடுக்கும். இப்புதிய கருவிகளில் பல, இல்லாததை ஊகித்து நிரப்பும். தான் பயின்ற மொழிகளின் ஒலிகளைக் கொண்டுதான் அது ஊகிக்கும். அங்காமியின் மூக்கொலியை ஆங்கிலத்தின் மூக்கொலியாக அது மெருகேற்றித் தந்தால் கேட்பவருக்கு இனிமையாக இருக்கும், தவறு என்று தோன்றவும் தோன்றாது. மூன்றாவது, நேரமில்லை என்பது. அதற்கு விடை தேவையில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 121 மொழிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசுவோர் உள்ளவை ‘பிற’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கின. அந்தப் பிறவற்றை ஆவணப்படுத்தவே 2013இல் மைசூரு இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் பொறுப்பில் அருகிவரும் மொழிகளுக்கான திட்டம் தொடங்கியது. 2010 சனவரி 26 அன்று அந்தமானில் மூதாட்டி போவா இறந்தபோது போ மொழியைப் பேசத் தெரிந்தவர் எவரும் மிஞ்சவில்லை. அவர் குரலை இன்று கேட்க முடிகிறதென்றால் அன்விதா அப்பி பதிவு செய்து வைத்ததால். இனி அந்த மொழியின் எந்த ஒலியைப் பற்றி எவருக்கு ஐயம் எழுந்தாலும், போய்க் கேட்க ஓர் ஆள் இல்லை. கோப்பு மட்டுமே உண்டு.

கிரியர்சனின் மொழியளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை இந்தியாவெங்கும் கிராமபோன் தட்டுகளில் குரல்கள் பதியப்பட்டன; ஊதாரி மகன் கதையைப் பல மொழிகளில் பல குரல்கள் சொல்லின. அவை இப்போது இணையத்தில் கேட்கக் கிடைக்கின்றன. தட்டின் கரகரப்பு பேச்சைவிட உரக்கக் கேட்கும் இடங்கள் அவற்றில் உண்டு. அக்காலக் கொம்புக்கருவி உயர்ந்த அலைவெண்களைப் பெரிதும் பிடிக்கவுமில்லை. ஆனாலும் தட்டில் விழுந்தது எதுவோ அது விழுந்தபடி இருக்கிறது; கரகரப்புக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டு நூறாண்டுக்குப் பின்னும் ஒருவர் ஆராய முடிகிறது. நூறு மடங்கு நல்ல கருவியில் பதிந்த இன்றைய மாணவரின் கோப்பை 2125இல் திறப்பவருக்கு அந்த வாய்ப்பு இருக்குமா என்பது ஐயமே.

கேட்கப்படுவது பெரிய சீர்திருத்தம் அன்று. அந்த முப்பது மணி நேரத்தில் மூன்றை மொழியியல், நாட்டார் வழக்காற்றியல், மானிடவியல் துறைகள் ஒலிப்பதிவுக்கு ஒதுக்கவேண்டும். முதல் மணியில் ஒரே அறையில் ஒரே ஆளை மின்விசிறியை ஓடவிட்டும் நிறுத்தியும் பதிந்து காட்டலாம். விசிறியை நிறுத்துவதும் ஒலிவாங்கியை ஒரு சாண் அருகே வைப்பதும் எந்த வடிகட்டியையும் விடச் சிறந்தவை என்பது அங்கேயே விளங்கிவிடும். இரண்டாவது மணியில் அந்தப் பதிவின் எச்சத்தை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கவைக்கலாம். மூன்றாவது கோப்புப் பெயருக்கும் பிரதிக்கும் அந்த நான்கு வரிக் குறிப்புக்கும் போதும். அலமாரிச் சாவியை மாணவர் கையில் கொடுப்பதற்குத் தனியாக நேரம் ஒதுக்கவேண்டியதில்லை.

அதுவரை, வாய்மொழித் தேர்வுக்கு அழைக்கப்படும் புறத்தேர்வாளர்கள் ஒன்று செய்யலாம். கோட்பாட்டுச் சட்டகம் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு முன்பாக, ஆய்வேட்டின் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து, அங்குள்ள ஓர் எடுத்துக்காட்டின் எண்ணைச் சொல்லி, இதன் மூலக்கோப்பை இப்போதே போட்டுக் காட்டுங்கள் என்று மாணவரிடமும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் நெறியாளரிடமும் சேர்த்துக் கேட்கலாம்.